அணைப் பூங்காவும் ஐந்து நிமிடப் பேச்சும்

2025 ஜூன் மாதம் விருதுநகர் மாவட்டத்துக் கூமாபட்டி இன்ஸ்டாகிராமில் ஊர் ஊராகச் சுற்றி வந்தபோது, கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கமும் வந்து சேர்ந்தது. அந்தக் காணொளியில் உள்ளூர் இளைஞர் ஒருவர் வாய் நிறைய எல்லோரையும் தன் ஊருக்கு அழைக்கிறார். பின்னால் மலை, பக்கத்தில் தண்ணீர். ராஜபாளையம் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர்களுக்கு அந்தப் படத்தில் முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்தான். பக்கத்திலுள்ள பிளவக்கல் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்பது அந்த மண்ணில் பிறந்தவர்களிடம் நலம் விசாரிப்பின் ஒரு பகுதி.

அதன் பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். காரும் வேனுமாகக் கூட்டம் வந்தது. அணைப் பகுதிக்குள் போகத் தடை விதித்தார்கள். வந்தவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். சில வாரங்களில், பராமரிப்பில்லாமல் கிடந்த அணைப் பூங்காவைச் சீரமைக்க 10 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஒரு கைப்பேசிக் காணொளி இவ்வளவு செய்ததில் மகிழ்ச்சிதான்.

பணம் வந்தால் வேலை நடக்கும். வண்டிகள் எங்கே நிற்கும், கழிப்பறைக் கழிவு எந்தப் பக்கம் போகும், சாப்பிட்டு எறியும் பாலித்தீனை யார் பொறுக்குவார்கள், தீபாவளி விடுமுறையில் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதெல்லாம் யார் முடிவு? பிளவக்கல்லைப் பொறுத்தவரை இவை சில்லறைக் கேள்விகள் இல்லை. பெரியாறு, கோவிலாறு என்று அங்கே இரண்டு அணைகள். ஒன்று 47 அடிக்குச் சற்று மேல், மற்றது 42 அடிக்குச் சற்று மேல். திறந்துவிடும் தண்ணீர் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு போகிறது. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்கு வழி. மேலே கலங்கினால் கீழே அத்தனை மடையிலும் அது தெரியும். எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்பது கோப்பில் இருக்கிறதோ இல்லையோ, மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சிக்குத் தெரியும்.

அப்படித் தெரிந்தவர் எழுந்து பேச ஓர் இடம் வேண்டும். ஸ்கார்பரோவில் பக்கத்து வீட்டுக்காரர் விதியைத் தாண்டிக் கொஞ்சம் இழுத்துக் கட்ட அனுமதி கேட்டால், 60 மீட்டருக்குள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அறிவிப்பு போகும். வாசலிலும் அறிவிப்புப் பலகை நிற்கும். தெருமுனையில் நிறுத்தப் பலகை வைப்பது, வாகனம் நிறுத்துவது போன்ற சின்ன விஷயங்களை ஸ்கார்பரோ சமூக மன்றம் எடுத்துக்கொள்கிறது. அதன் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டுப் பேசலாம். வழக்கமாக ஐந்து நிமிடம். குடியுரிமை இருக்கிறதா என்று கேட்பதில்லை. வாக்குரிமை இன்னும் வராத புதுக்குடியேறிகூட எழுந்து தன் தெருவைப் பற்றிப் பேசலாம். பேசியதெல்லாம் நடந்துவிடாது, முடிவு எதிராகப் போவதும் உண்டு. ஆனால் பேசியவர் பெயர் கூட்டப் பதிவில் ஏறுகிறது. இந்த மடலை எழுதுபவருக்கு இந்த நகரத்தில் மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

ஊரில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம சபையைக் கொடுத்தது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நான்கு நாள் கூடிய சபைக்கு, பிறகு உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. சபை என்ன சாதிக்கும் என்பதற்கு மதுரைப் பக்கம் பார்த்தால் போதும். 2024 நவம்பர் 23-இல் அரிட்டாபட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதமே, 23-ஆம் தேதி, மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது.

பிளவக்கல்லுக்குக் கீழே ஒரு சிக்கல் இருக்கிறது. வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், வ.புதுப்பட்டி, எஸ்.கொடிக்குளம் நான்கும் பேரூராட்சிகள். வயலும் வரப்புமாக இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அவை நகர்ப்புறம். கிராம சபை கிடையாது. நகர்ப்புறத்துக்கென்று வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த நவம்பர் 1-இல் முதலமைச்சர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் உட்கார்ந்தார். அதற்கு முன் நகர மக்கள் எங்கே போய்ப் பேசுவார்கள்? 42 வார்டு கொண்ட ராஜபாளையத்துக்கும் 33 வார்டு கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே இல்லை. தண்ணீர் வராவிட்டால் அதிகாரியைத்தான் தேட வேண்டும். ஊராட்சிகளிலும் 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்து வருடம் ஒரு பிரதிநிதி இல்லாமல் பழகிவிட்ட தெருவை மறுபடி சபைக்குக் கூட்டி வருவது எளிதில்லை.

தண்ணீருக்குத் தனியாகவும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு காலத்தில் குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டியோடு கண்மாய்க்குப் போனது. வெள்ளைக்காரன் 1858-இல் அதையே கட்டாய உழைப்புச் சட்டமாக்கினான். இப்போது 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், தேர்தல், தலைவர் எல்லாம் இருக்கின்றன. வாக்கு ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு. இடுப்பொடிய நாற்று நடுகிற பெண்ணின் பெயரில் நிலம் இல்லையென்றால் அங்கே அவருக்கு இடமில்லை. அவர் வந்து பேசக்கூடிய இடம் பகுதி சபைதான். அதனாலேயே அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்று மனம் பதறுகிறது.

பூங்காவின் வரைபடத்தை அந்தச் சபைகளில் விரித்துவைக்கட்டும். வண்டி நிறுத்தும் இடத்தைக் கண்மாய்ப் பாசனக்காரர்கள் விரலால் தொட்டுக் காட்டட்டும். கடை வைக்கப்போகிறவர்களில் உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கட்டும்.

இங்கே ஞாயிறு இரவு என்றால் அங்கே திங்கள் விடியல். அந்த நேரத்தில்தான் வீட்டுக்குப் போன் போகும். அண்ணாச்சி மழையைச் சொல்வார், அணை எத்தனை அடி என்பார், மதினி பேரப்பிள்ளையைச் சொல்வார். அடுத்த தடவை அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: வார்டில் சபை எப்போது, இரண்டு பேரும் போகிறீர்களா?