கேட்டவர் ஒருவர்

இயற்கையை எழுதுவோர் தம்மைப்பற்றி எளிதில் எழுதார். எவரேனும் கேட்டாக வேண்டும். சார்லஸ் டார்வினிடம் தன்வரலாறு வேண்டி மடல் விடுத்தவர் ஜெர்மானியப் பதிப்பாசிரியர் ஒருவர். 1876-இல், தம் 67-ஆம் அகவையில், பெரும்பாலான பிற்பகல்களில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்து, மக்களும் பேரமக்களும் படிக்கட்டும் என்றே அவர் எழுதினார். இரு கைகளிலும் வண்டுகள் இருக்க, மூன்றாவதைப் பிடிப்பதற்காக ஒன்றை வாயில் இட்டுக்கொண்ட இளமைக் கதை அதில் உண்டு. அவர் மறைவுக்குப்பின் 1887-இல் சில பகுதிகள் நீக்கப்பெற்று வெளிவந்த அவ்வரலாறு, 1958-இல் பேர்த்தி நோரா பார்லோவால் முழுமையுற்றது.

அதனைப் படிக்குந்தோறும் என் பாட்டனாரை நினைக்கிறேன். கடல்நீரின் நிறம் கண்டே மீன்வரவு உரைத்தவர் அவர். ‘எழுதுங்கள்’ என்று அவரை எவரும் கேட்டதில்லை. அவ்வறிவும் அவருடனேயே மண்ணில் அடங்கிற்று. மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்து முதியோரை இன்றே கேளுங்கள்.