கிருமி இல்லை, வலி உண்டு

சாஸ்திரி பவனில் வேலை பார்க்கும் அந்தத் தமிழ்ப் பெண்மணிக்கு எந்த மெட்ரோ ஸ்டேஷனில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது மனப்பாடம். காலையில் தண்ணீர் குடிக்காமல்தான் ஆர்.கே. புரம் வீட்டிலிருந்து கிளம்புவார். சிறுநீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் ஊசி குத்துவது போல் வலி. போய் வந்தால் சற்று அடங்கும். அரை மணியில் மறுபடியும் ஆரம்பம். இரவில் எட்டுப் பத்து முறை எழ வேண்டும்.

மூன்று ஆண்டுகளில் ஐந்து டாக்டர்கள். நால்வர் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று ஆன்டிபயாடிக் எழுதினார்கள். கல்ச்சர் பரிசோதனையில் ஒருமுறைகூடக் கிருமி தென்படவில்லை. ஐந்தாமவர் "எல்லாம் மனசுதான்" என்றார். வீட்டிலும் அதையே நம்பத் தொடங்கினார்கள். வலியைவிட அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது: இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ். சிலருக்குச் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் புண் இருக்கும். அமெரிக்க டாக்டர் கை ஹன்னர் அதை 1915-லேயே விவரித்தார். பலருக்குப் புண்ணும் இருக்காது. நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. கல், கட்டி, காசநோய் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே இந்த முடிவுக்கு வர முடியும். இந்தியாவில் காசநோய்ப் பரிசோதனை ரொம்ப முக்கியம். அதுவும் சிறுநீர்ப்பையைச் சுருக்கி இதே தொல்லையைத் தரும். சாதாரண கல்ச்சரில் அகப்படாது.

சிகிச்சை படிப்படியானது. முதலில் உணவு. காபி, மிளகாய், தக்காளி, எலுமிச்சை என்று எது வலியைக் கிளறுகிறதோ அதை நிறுத்த வேண்டும். இவருக்குப் புளியும் ஆகவில்லை, வத்தக்குழம்பு போயிற்று. அடுத்து, இறுகிய இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி. பிறகு அமிட்ரிப்டிலின் மாத்திரை. மனச்சோர்வுக்கான மருந்து என்றதும் 'மறுபடியும் மனசா?' என்று மருண்டார். குறைந்த அளவில் அது நரம்பு வலியைத் தணிக்கும் என்று டாக்டர் விளக்கிய பிறகே விழுங்கினார்.

அதற்கும் அடங்காவிட்டால் சிறுநீர்ப்பைக்குள்ளேயே மருந்து செலுத்தலாம். புண் இருந்தால் சுட்டு ஆற்றலாம். போடாக்ஸ் ஊசியும் நரம்பைத் தூண்டும் கருவியும் அடுத்த கட்டம். அறுவை சிகிச்சை கடைசிப் புகலிடம்.

பென்டோசான் என்ற மாத்திரையும் உண்டு. அமெரிக்காவில் 1996-ல் அனுமதி பெற்றது. நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதை அங்குள்ள கண் மருத்துவர்கள் 2018-ல் தெரிவித்தார்கள். 2020-ல் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. எனவே கண் பரிசோதனை செய்துகொள்ளாமல் இதைத் தொடங்கக் கூடாது. இவர் யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இப்போது இரவில் மூன்று முறைதான் எழுகிறார். வலி முழுதாகப் போகவில்லை. போகும் என்று எந்த டாக்டரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்பதற்காக 'உனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டில் யாரும் இப்போது சொல்வதில்லை. பாதி மருந்து அதுதான்.