பையும் படமும் பயமும்

கேஎல் சென்ட்ரலில் இறங்கி ஜாலான் துன் சம்பந்தனுக்குள் நுழைந்தால், கையில் மூட்டை இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. பூக்கூடை, முறுக்கு டின், குத்துவிளக்கு வைத்த அட்டைப்பெட்டி, ஊருக்குப் போகிறவரின் கயிறு கட்டிய பெட்டி என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நாற்காலியில் பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனால், பக்கத்து மேசைக்காரர் கேட்காமலே பார்த்துக்கொள்வார். பிரிக்பீல்ட்ஸ் அப்படிப்பட்ட இடம்.

அதே பை, ரயில் நிலையத்தில் ஒரு தூணோரம் தனியாகக் கிடந்தால் கதை வேறு. முதலில் ஒருவர் விலகி நடப்பார். அடுத்தவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பார். வானொலியில் வேலை பார்க்கும் எனக்கு இதன் அடுத்த கட்டம் நன்றாகத் தெரியும். 'மர்மப் பை' என்ற செய்தி சில நிமிடங்களில் புலனக் குழுக்களைச் சுற்றிவிடும். 'உள்ளே இருந்தது பழைய துணி' என்ற செய்தியைப் பகிரத்தான் ஆள் இருக்காது.

இந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. 2016 ஜூன் 28 அன்று பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசப்பட்டு 8 பேர் காயமடைந்தார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்ததுதான் அது.

பிரிக்பீல்ட்ஸின் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. மலாயா ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்களின் கோயில். அவர்களின் உறவுகள் பலர் வாழும் கொழும்பு வெள்ளவத்தையில் 2019 ஏப்ரல் 24 அன்று, சவோய் திரையரங்கம் அருகே நின்ற ஒரு மோட்டார் சைக்கிளைச் சந்தேகத்தின் பேரில் பாதுகாப்புப் படையினர் வெடிக்கச் செய்தார்கள். அதில் வெடிகுண்டு எதுவும் இல்லை. ஈஸ்டர் தாக்குதலில் 250க்கும் மேற்பட்டோர் இறந்து மூன்றே நாள் ஆகியிருந்த நேரம். அந்தப் பதற்றத்தைக் கண்டு சிரிக்க யாருக்கும் மனம் வராது.

அப்படியானால் எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது? பிரிட்டனில் ரயில்வே போலீசார் இதற்கு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். பொருள் வேண்டுமென்றே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா? வயர், பேட்டரி என்று பார்த்தவுடனே சந்தேகம் வரும்படி இருக்கிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் காணக்கூடிய பொருள்தானா? ரயிலில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் நிலையத்தை மூட முடியாது என்பதால் வந்த முறை இது. நாம் செய்ய வேண்டியதும் எளிது: தொடாதீர்கள், 'இது யாருடையது?' என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் நிலைய ஊழியரிடமோ 999க்கோ சொல்லுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, சுபாங் ஜெயா, ஷா ஆலாம் தாண்டிக் கிள்ளானில் இறங்கினால், ஜாலான் தெங்கு கிளானா நடக்கும் தூரம்தான். புடவைக் கடை, நகைக் கடை, மாலை கட்டும் கடை என்று நீளும் தெரு. நம் வீட்டுச் சுவர்களில் முருகனுக்குப் பக்கத்தில் தாத்தாவும், அவருக்குப் பக்கத்தில் ஒரு தலைவரோ நடிகரோ தொங்குவது புதிதல்ல. படம் வைத்துக் கொண்டாடும் சமூகம் நம்முடையது. இப்போது அந்தச் சுவர் கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

அந்தப் படங்களும் ஒருமுறை ஆபத்தாகப் பார்க்கப்பட்டன. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று சொல்லிப் பன்னிரண்டு பேர் சொஸ்மா சட்டத்தின் கீழ்க் கைதானார்கள். அவர்களில் இருவர் மலாக்கா, நெகிரி செம்பிலான் சட்டமன்ற உறுப்பினர்கள். புலிகள் இயக்கம் 2009இலேயே போரில் வீழ்த்தப்பட்டுவிட்டது. சிலர் மீதான குற்றச்சாட்டுகளில் கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்களும் அடக்கம். அந்த ஆண்டு தீபாவளியன்று பன்னிருவரும் காவலில் இருந்தார்கள். 2020 பிப்ரவரி 21 அன்று, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 34 குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். தான் போற்றும் ஒருவரின் படத்தை வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

தூணோரம் கிடக்கும் பையை வல்லுநர் வந்து கொஞ்ச நேரத்தில் திறந்து பார்த்துவிடலாம். ஒரு படத்தில் வெடிப்பதற்கு எதுவும் இல்லை என்று முடிவாக நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. கைது செய்தி வந்த வாரத்தில் அந்தக் குடும்பங்களைப் பற்றி அக்கம்பக்கம் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வழக்கு கைவிடப்பட்ட செய்தி அந்த வாய்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருக்குமா?

இந்த வாரம் உங்கள் குடும்பக் குழுவுக்கு ஒரு 'மர்மப் பை' வந்தால், உடனே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடாதீர்கள். அதிகாரிகள் என்ன சொல்கிறார்கள் என்று பொறுத்துப் பாருங்கள். ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்களா? உள்ளே இருந்தது முறுக்கு டின்தான் என்று தெரிந்ததும் அதையும் அதே குழுவில் போட்டுவிடுங்கள்.