52 தடவை!

'பசுமை வாழ்க்கைத் திருவிழா... பூமியைக் காப்போம் வாரீர்!' என்று கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருக்கலாமா?

அடையாறு பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம். பூமியைக் காக்க வந்த கார்கள் பார்க்கிங் கிடைக்காமல் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நின்றன. பஸ்ஸில் போன ஒரே தகுதியால், கேட்டில் நுழையும்போதே என் தலை சற்று நிமிர்ந்துவிட்டது!

முதல் ஸ்டாலில் மூங்கில் டூத் பிரஷ். ஒன்று 150 ரூபாய்.

"மண்ணுல போட்டா மட்கிடும் ஸார்!"

"முழுசாவா?"

"கைப்பிடி மட்டும். முடியெல்லாம் நைலான். அதைப் பிடுங்கிட்டுப் போடணும்!"

வேப்பங்குச்சியில் பல் விளக்கிய என் தாத்தாவுக்கு இந்தப் பிடுங்கல் வேலையெல்லாம் இருந்ததில்லை.

அடுத்தது துணிப்பை. ஆர்கானிக் பருத்தி, 280 ரூபாய். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு எழும்பூரில் இறங்கினால், ஆட்டோக்காரர் பையைப் பார்த்தே ரேட்டைச் சொல்வார். இன்று அந்தப் பைக்கு ராஜமரியாதை! ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் அயிட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே இயக்கம் ஆரம்பித்தது. 2022-ல் கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷினும் வந்தது.

நான் பர்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் சார்ட் மாட்டிக்கொண்டிருந்த காலேஜ் மாணவி குறுக்கிட்டாள்.

"வீட்ல துணிப்பை இருக்கா அண்ணா?"

"ஏழெட்டு இருக்கு."

"அப்ப எதுக்கு இன்னொண்ணு? இதைப் படிங்க!"

படித்தேன். 2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்குப் போட்டதாம். சாமான் வாங்கிவந்து, பிறகு குப்பை கட்டிப் போடுகிற பிளாஸ்டிக் பை ஒரு பக்கம். பருத்திப் பை மறு பக்கம். பருவநிலை பாதிப்பில் மட்டும் பருத்தி ஜெயிக்க வேண்டுமானால், ஒரே பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்த வேண்டும். ஆர்கானிக் பருத்தி என்றால் 149 தடவை! பருத்தி விளைய நிலமும் தண்ணீரும் அவ்வளவு தேவைப்படுகிறது. சாக்கடையை அடைத்து, மாட்டின் வயிற்றுக்குள் போகும் பிளாஸ்டிக் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே பிளாஸ்டிக் நல்ல பிள்ளை என்று அர்த்தமில்லை. பை எந்தத் துணி என்பதைவிட எத்தனை தடவை தூக்குகிறோம் என்பதுதான் விஷயம்.

பர்ஸை மூடினேன்!

ஒரு மூலையில் ரிப்பேர் மேஜை. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்து உலகம் பூரா பரவிய 'ரிப்பேர் கஃபே' பாணியாம். ஒரு இளைஞர் மிக்ஸியைக் குழந்தை மாதிரி ஏந்தி வந்தார். "சர்வீஸ்ல புதுசு வாங்குங்கன்னுட்டாங்க." மெக்கானிக் பெரியவர் திறந்து பார்த்தார். "கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு தம்பி. அவ்ளோதான்." பத்து நிமிஷத்தில் மிக்ஸி 'டுர்ர்ர்...' சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மிக்ஸி சத்தத்துக்கு யாராவது கைதட்டி நான் பார்த்ததில்லை.

கடைசியில், கூட்டமில்லாத ஒரு ஸ்டால். திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் 'நெல்' ஜெயராமன் படம். 2018-ல் மறைந்தவர். பாரம்பரிய ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாக வாங்கிப் பரப்பியவர்.

"விலை ஜாஸ்தியா இருக்கே அண்ணே?"

"குறுவை ரகம்னா நாலு மாசத்துக்குள்ள அறுத்துடலாம் தம்பி. மாப்பிள்ளைச் சம்பா அஞ்சு மாசத்துக்கு மேல வயல்லயே நிக்கும். ஆளுயரம் வளரும். காத்து மழைக்குச் சாஞ்சிடும். மகசூலும் கம்மி."

"விழாவுல நல்லா போகுமே?"

சிரித்தார். "போன வருஷமும் வந்தேன். ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினாங்க. என்னையும் சேர்த்து போட்டோ எடுத்தாங்க. அப்புறம் ஒரு போன் இல்லை. மிச்ச நெல்லை வியாபாரிகிட்ட சாதா விலைக்குத் தள்ளினேன். இந்த வருஷம் இதைப் போடறதா, விட்டுடறதான்னு யோசனையா இருக்கு. மாசாமாசம் அஞ்சு கிலோ வாங்க 15 வீடு கிடைச்சா, தைரியமா ஒரு ஏக்கர் விதைப்பேன் தம்பி."

மூங்கில் பிரஷ் ஸ்டாலில் க்யூ நிற்கிறது. இங்கே ஒரு ஏக்கர் நிலம் 15 வீட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது!

அங்கேயே நின்று ஆபீஸ் டிபன்பாக்ஸ் கோஷ்டிக்குப் போன் போட்டேன். ஆறு பேர் சரி என்றார்கள். ஒருவன் மட்டும், "பிரியாணிக்கு ஆகுமாடா?" என்றான். சிவப்பரிசி, நன்றாக ஊற வைத்துத்தான் வேக வைக்க வேண்டும் என்று விளக்கியதில் அரைமனசாகத் தலையாட்டினான். (போனில்தான்!)

விவசாயி நோட்டில் ஏழு பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டார். என் பங்கு ஐந்து கிலோவை, கையோடு கொண்டுபோயிருந்த பழைய ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வாரம் ஒரு தடவை இதே பையோடு மார்க்கெட் போனால், வருஷத்துக்குச் சரியாக 52!

பை கணக்கு முடிந்தது. ஏக்கர் கணக்கில் இன்னும் எட்டு வீடு பாக்கி. உங்கள் வீட்டில் மாசம் எத்தனை கிலோ ஸார் ஆகும்?