பணி நேரம் முடிந்த பின் வாசிப்பவர்கள்

பியானோவைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களுக்கென்றே நடக்கும் போட்டிகள் உலகின் சில நகரங்களில் உண்டு. 1989இல் ழெரார் பெக்கர்மான் என்ற பொருளியல் பேராசிரியர் பாரிஸில் தொடங்கிய போட்டி அவற்றில் முன்னோடி. வாஷிங்டன், பாஸ்டன், சிகாகோ ஆகிய நகரங்களிலும் இத்தகைய போட்டிகள் நடந்திருக்கின்றன. வார்சாவில் ஷோப்பானின் இசைக்கென்றே ஓர் அமெச்சூர் போட்டி இருக்கிறது. இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரில் 1999இல் தொடங்கிய கிளைபர்ன் அமெச்சூர் போட்டி.

மாட்டுச் சந்தையால் வளர்ந்த ஊர் அது. பியானோவுக்கு அங்கே இடம் கிடைத்ததற்கு வான் கிளைபர்ன் காரணம். தாயிடமே பியானோ பயின்று டெக்சாஸில் வளர்ந்த அவர், பனிப்போர் உச்சத்தில் இருந்த 1958இல், தம் 23ஆம் வயதில், மாஸ்கோவில் நடந்த முதல் சாய்கோவ்ஸ்கி போட்டியில் முதற்பரிசு பெற்றார். நாடு திரும்பியவருக்கு நியூயார்க் வீதிகளில் ஊர்வல வரவேற்பு கிடைத்தது. அவர் பெயரால் 1962 முதல் ஃபோர்ட் வொர்த்தில் நடந்துவரும் போட்டி, தொழில்முறை வாழ்க்கையின் வாசலில் நிற்கும் இளைஞர்களுக்கானது. அமெச்சூர் போட்டி அதன் உடன்பிறப்பு. முப்பத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். கச்சேரி செய்தோ கற்றுக்கொடுத்தோ வரும் பணம் முதன்மை வருமானமாக இருக்கக் கூடாது. விதிகளில் முக்கியமானவை இவ்விரண்டுதான்.

இந்த விதிகளுக்கு உட்பட்டு வருபவர்கள் யார் என்பதை நிகழ்ச்சிநிரல் புத்தகத்தைப் புரட்டினாலே அறியலாம். மருத்துவர்கள், மென்பொருள் பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள். மருத்துவர்களின் கை ஓங்கியிருப்பது கண்கூடு: 2007இல் வென்றவர் கண் மருத்துவர், 2011இல் வென்றவர் இரைப்பை, குடல் மருத்துவர், 2016இல் வென்றவர் பல் ஈறு மருத்துவர். இவர்களில் பலர் இளமையில் முறையாகப் பயின்றவர்கள். இசைக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் வேறு தொழிலுக்குப் போனவர்களும் உண்டு. ஆகவே அமெச்சூர் என்றதும் கற்றுக்குட்டி என்று எண்ணிவிடக் கூடாது. இவர்களுக்குக் குறைவாக வாய்த்தது பயிற்சி நேரம் மட்டுமே. தொழில்முறைக் கலைஞர் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வாத்தியத்தின் முன் அமர்வார். இவர்களுக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரமோ, குழந்தைகள் உறங்கியபின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மின்னணு பியானோவில் அரை மணி நேரமோதான் கிடைக்கிறது.

இப்படிக் கிடைத்த நேரத்தில் பயில்வதைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் இருவர் எழுதியிருக்கிறார்கள். நியூயார்க்கர் இதழில் எழுதிய சார்லஸ் குக் 1941இல் வெளியிட்ட நூலில், வாசிக்க வராத இடங்களை எலும்பு முறிவுகளாகக் கொள்ளச் சொன்னார். ஒட்டிய எலும்பு முறிந்த இடத்தில்தான் அதிக வலுப்பெறும் என்பது அவர் வாதம். அப்படிப்பட்ட இடங்களைத் தனியே பிரித்தெடுத்து, அவையே பாடலின் உறுதியான பகுதிகளாகும்வரை வாசிக்க வேண்டும் என்பதே அவர் முறை. கார்டியன் நாளிதழின் ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர், விக்கிலீக்ஸ் செய்திகள் வெளிவந்த கொந்தளிப்பான காலத்தில், நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கி ஷோப்பானின் முதல் பாலேடைக் கற்றுக்கொண்டார். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் படைப்பு அது. அதற்கு அவருக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

ஃபோர்ட் வொர்த்தில் தொடக்கச் சுற்றுகள் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக வளாக அரங்குகளில் நடந்திருக்கின்றன. 2016இல் இறுதிச்சுற்று நகர மையத்தில் உள்ள பாஸ் அரங்கில் நடந்தது. 1998இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பில், எக்காளம் ஊதும் இரண்டு தேவதைகள் 48 அடி உயரத்தில் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றனர். பழகிய ரசிகர்கள் அரங்கின் இடப்பக்கத்து இருக்கைகளையே முதலில் பிடிக்கிறார்கள். வாசிப்பவர் தம் வலத் தோளை அவையின் பக்கம் வைத்து அமர்வதால், கைகள் தெரிவது இடப்பக்கத்திலிருந்துதான். ஒலி மட்டும் போதும் என்பவர்கள், தூக்கி நிறுத்திய மூடியில் பட்டு நாதம் திரும்பிவரும் வலப்பக்கம் செல்லலாம். முதல் முறை போகிறவர்கள் இடப்பக்கமே அமர்வது நல்லது. இங்கே காண வேண்டியதும் நிறைய இருக்கிறது.

போட்டியாளர்களுக்கு முன்பே மேடைக்கு வருபவர் பியானோ டியூனர். அவர் பெயருக்கு யாரும் கைதட்டுவதில்லை. கச்சேரிக்கான பெரிய பியானோ ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளமும் அரை டன் எடையும் உள்ளது. 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். அவற்றின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 20 டன். நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று கம்பிகள் உண்டு. அந்த மூன்றில் ஒன்று மயிரிழை பிசகினாலும் ஒலியில் ஒரு நடுக்கம் தென்படும். இரண்டு கம்பிகளைக் கம்பளி ஆப்பால் அடக்கி, மூன்றாவதை நெம்புகோலால் முறுக்கி, பிறகு மற்றவற்றை அதனோடு சேர்ப்பார் டியூனர். மேடை விளக்கின் சூட்டில் கம்பி தளரும். காற்றின் ஈரத்தில் ஒலிப்பலகை உப்பும். அதனால் காலையில் ஒரு முறை சேர்த்தது மாலைவரை நிற்பதில்லை. இடைவேளை விட்டு எல்லோரும் காபிக்குப் போகும்போது அவர் மறுபடி குனிந்து உட்கார்கிறார்.

தம்புராவில் ச-ப கேட்டுப் பழகிய காதுக்கு இந்தச் சுருதி சேர்க்கும் வேலை தனிச் சுவை உடையது. பியானோவில் பஞ்சமம் தூய பஞ்சமம் அல்ல. பன்னிரண்டு ஸ்வரங்களில் எதை ஷட்ஜமாகக் கொண்டாலும் ஒத்து நிற்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பஞ்சமத்தையும் இம்மியளவு குறைத்து வைக்கிறார்கள். நடு ஸ்தாயியில் அந்தக் குறைவு நொடிக்கு ஏறக்குறைய ஓர் அலைவாகக் கேட்கும். டியூனர் காதால் எண்ணுவது அந்த அலைவைத்தான். அந்தர காந்தாரம் அதைவிட அதிகமாகவே விலகியிருக்கும். நாதத்தின் தன்மையைத் திருத்துவது வேறொரு வேலை. கம்பியைத் தட்டும் சுத்தியலின் கம்பளித் தலையில் ஊசியால் குத்தி இளக்கினால் ஒலி மென்மையாகும். மிகையாகக் குத்தினால் மங்கிவிடும். டஜன் கணக்கான கைகள் ஒரே நாளில் அடித்துத் தீர்க்கும் வாத்தியத்தை, கடைசியாக வருபவருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே நிலையில் கொடுப்பது அவருடைய பொறுப்பு. போட்டியின் நேர்மை பாதி அவர் கையில் இருக்கிறது.

வீணைக் கலைஞரும் வயலின் கலைஞரும் தம் வாத்தியத்தோடு மேடையேறுவார்கள். பியானோ வாசிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை; மேடையில் இருப்பதையே வாசிக்க வேண்டும். வீட்டில் சிறிய பியானோவிலோ மின்னணுக் கருவியிலோ பழகிய கைகளுக்கு, இரண்டாயிரம் பேர் அமரும் அரங்கை நிரப்புவதற்கென்று செய்யப்பட்ட வாத்தியம் சட்டென்று வசப்படாது. கட்டையின் கனம் வேறு, பெடலை மிதிக்கும் ஆழம் வேறு. வந்தவர் முதலில் இருக்கையின் உயரத்தைத் திருகிச் சரிசெய்வார். சரியாக இருந்தாலும் திருகுவார். கைக்குட்டையால் கட்டைகளைத் துடைப்பார். அந்தச் சில நொடிகள் கைகளைச் சூடேற்றவும் மூச்சை நிதானப்படுத்தவும் உதவுகின்றன.

முதற்சுற்றில் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் நேரம் கூடும். எதை வாசிப்பது என்பது வாசிப்பவர் விருப்பம். காலை முதல் மாலைவரை அமர்ந்திருந்தால் பாக்கின் ஃபியூக், ஷோப்பானின் பாலேட், லிஸ்ட், ராக்மானினாஃப், ராவெல் என இருநூறு ஆண்டு இசையைக் கேட்டுவிடலாம். முசோர்க்ஸ்கி அரசு எழுத்தராகச் சம்பளம் வாங்கியவர், போரோடின் வேதியியல் பேராசிரியர். அலுவலகம் போய்வந்து இசையமைத்த அவர்களுடைய படைப்புகளை அலுவலகம் போய்வருபவர்கள் வாசித்துக் கேட்பது தனி நிறைவு தருகிறது.

பதற்றம் முதலில் தெரிவது காலில். வலக்கால் பெடலின் மேல் நடுங்குவதை இடப்பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்க முடியும். அடுத்து வேகத்தில் தெரியும்: வீட்டில் பழகிய காலப்பிரமாணத்தைவிட முதல் பக்கம் விரைவாக ஓடும், விரல் சிக்கும் இடம் வரும்போது அந்த விரைவுக்கு விலை கொடுக்க நேரும். தேர்ந்தவர்கள் இதை அறிந்து, அமைதியாகத் தொடங்கும் படைப்பை முதலில் வைக்கிறார்கள்.

கவனித்துக் கேட்க வேண்டியது மறதி. ஒரே பகுதி இரண்டு முறை வரும் படைப்புகளில்தான் அது பெரும்பாலும் நேர்கிறது. முதல் முறை ஒரு திசையில் போகும் வரி, இரண்டாம் முறை ஒரே ஒரு ஸ்வரத்தில் பிரிந்து வேறு திசையில் போகும். விரலின் பழக்கத்தை மட்டும் நம்பியவர் பழைய பாதையில் போய்ச் சுற்றிச் சுற்றி வருவார். ஃபியூக்கில் தவறினால் இன்னும் கடினம். மூன்று நான்கு குரல்கள் ஒன்றையொன்று பற்றி நடப்பதால், ஒன்று விழுந்தால் மற்றவையும் விழும். இதற்காகவே நல்ல ஆசிரியர்கள் பாடலின் நெடுக இறங்குதுறைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கே தவறினாலும் அடுத்த துறைக்குத் தாவித் தொடரலாம். இடக்கை நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால் அவையில் பாதிப் பேருக்குத் தவறியதே தெரியாது. நின்றுவிட்டு, கைகளை மடியில் வைத்து, மீண்டும் தொடங்குபவரும் உண்டு. அப்போது அரங்கில் ஒருவரும் அசைவதில்லை. அவர் முடித்து எழும்போது எழும் கைதட்டல், பிசகின்றி வாசித்தவருக்குக் கிடைத்ததைவிடப் பலமாக இருக்கும். அது இரக்கத்தால் வருவதன்று. அவையில் பலர் தாமும் வாசிப்பவர்கள். முன்சுற்றில் வெளியேறியவர்களும் ஊர் திரும்பாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். விட்ட இடத்தைப் பிடிப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று அவர்களுக்குத் தெரியும்.

நடுவர் குழுவில் பொதுவாகத் தொழில்முறைக் கலைஞர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கிடுவது தவறிய ஸ்வரங்களை மட்டுமல்ல. நாதத்தின் தரம், பெடலைக் கையாளும் நுட்பம், நீண்ட படைப்பை ஒரே மூச்சாகக் கட்டி நிறுத்தும் ஆற்றல், படைப்பைப் புரிந்துகொண்ட ஆழம் எல்லாம் சேர்ந்தே தீர்ப்பாகின்றன. அவையின் தீர்ப்பு சில சமயம் மாறுபடும். அதற்கென்று ரசிகர்கள் வாக்களிக்கும் தனிப் பரிசும் வைத்திருக்கிறார்கள்.

இறுதிச்சுற்றில் 2016 முதல் ஃபோர்ட் வொர்த் சிம்பொனி இசைக்குழுவோடு ஒரு கான்செர்ட்டோவின் பகுதியை வாசிக்க வேண்டும். தனியறையில் வாசித்தே பழகியவருக்கு, பின்னால் பல பேர் ஒரே வேளையில் மூச்செடுக்கும் ஒலியே புதிது. இசைக்குழுவின் ஒலி தம் விரலைவிடச் சற்றுத் தாமதமாக வருவதுபோல் தோன்றும். காதை நம்புவதா, இசை நடத்துநரின் கையை நம்புவதா என்று முடிவு செய்ய ஓரிரு அடிகள்தாம் உண்டு. ஒத்திகைக்குக் கிடைக்கும் நேரமும் கொஞ்சமே. ஒருவர் மெல்ல மெல்லக் குழுவின் கைக்குள் அடங்கி, பிறகு குழுவையே தம்மோடு இழுத்துச் செல்வதைக் காண்பது, போட்டியின் எல்லா நாட்களிலும் காத்திருந்ததற்குப் பலன்.

உயர்ந்த கலைஞரின் கச்சேரியில் கடினம் என்பதே கண்ணில் படாது. விரல் எதைக் கடந்தது என்பது கேட்பவருக்குத் தெரியாமலே போய்விடும். அமெச்சூர் போட்டியில் ஒவ்வொரு தாவலும், ஒவ்வொரு பெடல் மாற்றமும், ஒவ்வொரு துணிவும் வெளியே தெரிகின்றன. பியானோ என்ற வாத்தியம் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வென்றவருக்குக் கச்சேரி ஒப்பந்தமோ பெருந்தொகையோ கிடைப்பதில்லை. பரிசு வாங்கியவரும் வாங்காதவரும் அவரவர் வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள். கிளைபர்ன் போட்டியின் சுற்றுகள் இணையத்தில் கட்டணமின்றி நேரலையாக ஒளிபரப்பாகியிருக்கின்றன. அடுத்த போட்டி அறிவிக்கப்படும்போது, இறுதிச்சுற்றுக்காகக் காத்திராமல் முதற்சுற்றிலிருந்தே கேளுங்கள்.