எண் பார்த்துச் சேர்த்த கண்ணாடி

பெரியப்பா கம்பவுண்டர். அறுபதுகளில், காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், டாக்டர் அறைக்கும் மருந்து கலக்கும் இடத்துக்கும் நடுவே தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னால்தான் என் கோடை விடுமுறைகள் கழிந்தன. நுழைந்ததுமே ஸ்பிரிட்டும் டிங்சரும் கலந்த நெடி. அலமாரியில் பீங்கான் கல்வம், அவுன்ஸ் கிளாஸ், கிரெய்ன் கணக்கில் நிறுக்கும் சின்னத் தராசு. வருகிறவர்கள் வீட்டிலிருந்தே சீசா கொண்டுவருவார்கள். ரோஸ் நிற மிக்சரை ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டு வைத்துக் கத்தரித்த காகிதத்தைச் சீசாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். கத்தரிப்பது என் வேலை.

என் கண்ணெல்லாம் ஊசிப் பெட்டி மேல்தான். ஸ்பிரிட் அடுப்பில் அது தளதளவென்று கொதிக்கும். கண்ணாடி சிரிஞ்சு இரண்டு துண்டு: குழாய், அதற்குள் போகும் தண்டு. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். தண்டை அதனதன் குழாய்க்கென்றே இழைத்திருப்பார்கள். எண் மாறினால் உள்ளே போகாது. போனாலும் மருந்து பின்னால் கசியும். இடுக்கியால் எடுத்துத் தட்டில் பரப்பிவிட்டு, “தொடாம நம்பரைப் படிடா” என்பார். நான் படிக்கப் படிக்க அவர் ஜோடி சேர்ப்பார்.

ஊசிகளையும் அப்போது தூக்கி எறிவதில்லை. துளை அடைத்தால் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுப்பார். முனை மழுங்கினால் எண்ணெய் தடவிய சாணைக்கல்லில் தீட்டுவார். பிறகு பஞ்சின் மேல் மெதுவாக இழுப்பார். ஒரு இழை மாட்டினாலும் முனையில் பிசிறு இருக்கிறது என்று பொருள்; மறுபடி கல்லுக்குப் போகும். வெளியே பெஞ்சில் காத்திருந்த குழந்தைகளுக்கு வலி குறைந்ததற்கு அந்தப் பஞ்சுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

வளர்ந்த பிறகு சிரிஞ்சின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். உடலுக்குள் மருந்து செலுத்தும் சிரிஞ்சை 1853 வாக்கில் எடின்பரோவில் அலெக்சாண்டர் உட்டும் பிரான்சில் சார்ல் பிரவாசும் தனித்தனியே கையாண்டார்கள். பழைய சிரிஞ்சுகள் பலவற்றில் தண்டுக்குத் தோல் சுற்றியிருக்கும். கொதிநீரில் அது கெட்டுப்போகும். 1890களில் பாரீசின் லூயர் நிறுவனம் முழுக்கக் கண்ணாடியிலேயே செய்த பிறகு சிரிஞ்சை அப்படியே கொதிக்கவைப்பது எளிதாயிற்று. இன்றைய பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஊசி பொருந்தும் முனைக்கும் லூயர் என்றே பெயர்.

பிளாஸ்டிக் வந்தபோது எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தக் கண்ணாடியின் நேர்த்தி அதில் எங்கே? பெரியப்பாவோ சந்தோஷப்பட்டார். “கூட்டம் ஜாஸ்தியான நாள்ல சரியாக் கொதிக்காத ஊசி ஒண்ணு போதும்டா, ஒருத்தரோட மஞ்சக்காமாலை இன்னொருத்தருக்குப் போக. எல்லா ஊர்லயும் உக்காந்து வேகவச்சிருப்பாங்கன்னா நெனைக்கற?” என்றார்.