வேடனை விரட்டிய தாங்கல்

ஓர் ஊரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அந்த ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு வேடந்தாங்கலே சாட்சி. தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல், வேடர்களின் ஏரி. அந்தக் காலத்து நிலச்சுவான்தார்கள் இங்கே வந்து வேட்டையாடியதால் ஏற்பட்ட பெயர் என்கிறார்கள். வேடனுடைய பெயரைச் சுமந்துகொண்டே, இருநூறு வருஷங்களுக்கு மேலாக வேடனை மட்டும் கிட்டே நெருங்கவிடாத ஊர் அது.

சென்னைக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். நம் செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகளோடு ஒப்பிட்டால் இது கைக்குழந்தை. ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின், மார்கழி மாதத்துக் காலை ஒன்றில் அதன் கரைமேல் நின்று பாருங்கள். தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பும் கருவேலமுமாக மரங்கள் கழுத்தளவில் நிற்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் கூடுகள். நான் போயிருந்த அன்று, மரத்தில் இலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நத்தைகுத்தி நாரை ஒரு கிளையில், அரிவாள்மூக்கன் அடுத்த கிளையில், நீர்க்காகம் உச்சியில், கூழைக்கடா அதற்கும் மேலே. சாதிச் சண்டை இல்லாமல் ஒரே மரத்தில் இத்தனை குடித்தனம்! வளர்ந்த நாரைகளுக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அலகுகளைத் தட்டியே பேசிக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கில் தட்டும்போது, தூரத்தில் எங்கோ தறி ஓடுவது போல இருக்கிறது.

என் பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனார், கூழைக்கடாவைக் காட்டி, "இது ஆஸ்திரேலியாவிலிருந்து வருது" என்று தம் குழந்தைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைகளும் மரியாதையாக வாயைப் பிளந்தன. உண்மை வேறு. இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை எல்லாம் நம் தேசத்துப் பறவைகளே. ஓர் ஏரி வற்றினால் இன்னோர் ஏரி என்று நாட்டுக்குள்ளேயே அலைபவை. சைபீரியா போன்ற வடக்குச் சீமைகளிலிருந்து மெய்யாகவே வருகிறவை ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும். அவை குளிருக்கு ஒதுங்கி, தின்று கொழுத்து, வெயில் ஏறும் முன்பு ஊர் திரும்பி அங்கேதான் முட்டையிடும். தூரத்து விருந்தாளி விருந்து சாப்பிடத்தான் வருகிறான். பிரசவத்துக்கு வருகிறவள் சொந்தப் பெண்.

இந்தச் சொந்தத்தை ஊர்க்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது அவர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1790களில் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ், ஏரியைக் காக்கும் உரிமையை ஊருக்குக் கொடுத்துக் கவுல் எழுதித் தந்தார். 1858-ல் அந்த உரிமை மறுபடியும் உறுதிசெய்யப்பட்டது. வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-ல். சட்டத்துக்கு முன்பே காவல் வந்துவிட்டது. 2022-ல் இந்த ஏரி ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழும் பெற்றது.

எதற்காகக் காத்தார்கள்? ஜீவகாருண்யம் என்று சொல்லிவிட்டால் கேட்க நன்றாயிருக்கும். மடை அருகே வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அப்படிச் சொல்லவில்லை.

"இந்த மடையிலே வர்றது தண்ணியா சார்? அத்தனையும் எரு" என்றார்.

பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்த உரத்தோடு தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. கூலியில்லாத எருவண்டி!

"இப்போதுதான் யூரியா மூட்டை கிடைக்கிறதே, பெரியவரே. பறவை வராவிட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூட்டை வந்து எத்தினி வருசம் ஆவுது? இதுங்க எங்க பாட்டன் காலத்துலேந்து வருது. மூட்டை கிடைக்குதேன்னு, வூட்டுக்கு வந்த பொண்ணை வெளியே போன்னு சொல்லுவாங்களா? தீவாளிக்குக்கூட நாங்க வெடி வெக்கறதில்லே, சார்."

லாபம் கலந்தால் அன்பு மாசுபட்டுவிடும் என்று நாம் நினைக்கிறோம். பால் கொடுப்பதற்காகத்தான் பசுவைப் பேணுகிறோம். அதனால் பசுவிடம் பிரியம் இல்லை என்று ஆகிவிடுமா? கணக்கில் தொடங்கிய உறவு, கணக்கு மாறிய பிறகும் நிற்கிறது. அதுதான் எனக்கு அதிசயமாகப் பட்டது.

ஆனால் ஒரு கவலையும் உண்டு. நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அலகை மூடினாலும் நடுவில் பாக்குவெட்டி போல ஒரு சந்து தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. அந்த அலகால் நத்தையைப் பிடித்து, நுனியை ஓட்டுக்குள் விட்டு, சதையை அறுத்து இழுத்துவிடுகிறது. அத்தனை நத்தைக்கு இந்தச் சின்ன ஏரி எங்கே போகும்? சுற்றியுள்ள நெல் வயல்கள்தான் நாரைக்கு அடுக்களை. கூழைக்கடாவும் மீனுக்காக அக்கம்பக்கத்து ஏரிகளுக்குப் பறக்கிறது. வேடந்தாங்கல் வெறும் பிரசவ அறை; சமையல் வெளியே நடக்கிறது.

இதை உணர்ந்துதான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரையும் சரணாலயத்தில் சேர்த்தார்கள். 2020-ல் அந்த வெளிவட்டத்தின் காவலைத் தளர்த்தும் யோசனை எழுந்தது. பலத்த எதிர்ப்பும் எழுந்தது. ஏரியைக் காத்தால் போதாதா, வயலுக்கு எதற்குக் காவல் என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டில் போட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிடலாமா என்று அவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

நான் போன வழியில் பசேலென்ற நெற்பயிருக்கு நடுவே அங்கங்கே எல்லைக் கற்கள் நட்டு, வண்ணக் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஒரு வயல் மனையாவதால் யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை. ஒரு பறவையும் சாவதில்லை. மறு வருஷம் நத்தை இல்லை, அவ்வளவுதான். மரமும் தண்ணீரும் இருந்தபடியே இருக்கும். கூடுகள் மட்டும் குறையும். துப்பாக்கியை எதிர்த்துக் கவுல் வாங்கிய ஊர், எல்லைக் கல்லை எதிர்த்து யாரிடம் போய்க் கவுல் வாங்கும்? நிலத்தை விற்கிறவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். நெல் அவனுக்குக் கட்டுபடியானால் எதற்காக விற்கப் போகிறான்?

ஆகவே வேடந்தாங்கலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரைமேல் நின்று தொலைநோக்கியில் பறவைகளை ஆசைதீரப் பாருங்கள். பிறகு ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அந்த வயல்களையும் கொஞ்ச நேரம் பாருங்கள். சரணாலயத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.